கிறிஸ்துமஸ் விருந்துக்கு கோழி வறுவல் வாளி! ஜப்பானில் கடை வாசலில் கியூ

கிறிஸ்துமஸ் விருந்து என்றால் நம்ம ஊரில் மட்டன் பிரியாணி. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முழுசாகச் சுட்ட வான்கோழி.

ஜப்பானில்?

கென்டக்கி கோழி வறுவல்!

நம்புவதற்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் நிஜம். வெள்ளைத் தாடிக் கிழவர் படம் போட்டு ஊரெல்லாம் கிளை திறந்திருக்கிறதே, அதே அமெரிக்கக் கம்பெனியின் கோழிதான். அதைப் பெரிய அட்டை வாளியில் வாங்கி வந்து, குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டால்தான் அங்கே பல வீடுகளில் கிறிஸ்துமஸ் வந்த மாதிரி.

இது நேற்று முளைத்த பழக்கம் அல்ல. 50 வருடத்துக்கு மேலாக நடக்கிறது. இதற்குப் பின்னால் ஈ ஓட்டிய ஒரு கடையும், அந்தக் கடைக்காரர் டி.வி.யில் சொன்ன ஒரு பொய்யும் இருக்கின்றன.

நவம்பரிலேயே முன்பணம்

டிசம்பர் 24-ந் தேதி மாலையில் அந்தக் கடைகளில் நிற்க இடம் இருக்காது. சாதாரண நாளைப்போல 5 மடங்கு, 10 மடங்கு வியாபாரம். வருடத்திலேயே அதிக விற்பனை அன்றைக்குத்தான்.

நவம்பர் மாதமே முன்பதிவு தொடங்கிவிடும். எந்தக் கடை, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தீபாவளிப் பலகாரத்துக்கு நாம் முன்கூட்டியே ஆர்டர் கொடுப்போமே, அந்த மாதிரி. ஏமாந்து போனவர்கள் டிசம்பர் குளிரில் கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு கியூவில் நிற்க வேண்டியதுதான். அந்த இரண்டு மூன்று நாளும் தலைமை ஆபீசில் பேனா பிடிப்பவர்கள்கூட கடைக்கு வந்து கை கொடுப்பது வழக்கம்.

வாளியில் கோழி மட்டும் இருக்காது. கேக் இருக்கும். சீஸ் தூவிச் சுட்ட பதார்த்தம் இருக்கும். கிறிஸ்துமஸ் படம் போட்ட தட்டு ஒன்றும் சேர்த்துக் கொடுத்தார்கள். வருடத்துக்கு ஒரு தட்டு, வருடத்துக்கு ஒரு படம். அதைக் கழுவித் துடைத்து அலமாரியில் அடுக்கி வைத்த குடும்பங்கள் உண்டு. வாங்கிய கோழி ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். தட்டு அடுத்த வருடத்தை ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும். கெட்டிக்கார வியாபாரம்தான்!

பண்டிகை வந்தது, சாப்பாடு வரவில்லை

இதில் பெரிய வேடிக்கை, ஜப்பானில் கிறிஸ்தவர்களே கொஞ்சம்தான். நூறு பேரில் ஏறக்குறைய ஒருவர். ஒரு காலத்தில் அந்த மதத்துக்கே அங்கே தடை இருந்தது. 1614-ல் போட்ட தடை, 1873-ல்தான் விலகியது. அதுவரை பிடிபட்டவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல.

டிசம்பர் 25 அங்கே விடுமுறைகூட கிடையாது. ஆபீஸ் உண்டு, பாங்கி உண்டு. ரெயிலில் வழக்கமான நெரிசல் உண்டு.

ஆனால் இரண்டாம் உலகப்போர் முடிந்து, 1945-ல் இருந்து 1952 வரை அமெரிக்கப் படை அங்கே இருந்தது. கிறிஸ்துமஸ் மரம், வண்ண விளக்கு, சாண்டா கிளாஸ் எல்லாம் கண்ணில் பட்டன. கடைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். சாமி கும்பிடுவதற்காக அல்ல. குழந்தைகளுக்கு ஒரு சந்தோஷம், கடைகளுக்கு ஒரு சீசன்.

எல்லாம் வந்தது. ஒன்று மட்டும் வரவில்லை. அன்றைக்கு ராத்திரி என்ன சாப்பிடுவது?

புத்தாண்டுக்கு இந்தக் குழப்பமே இல்லை. டிசம்பர் 31 ராத்திரி சோபா எனும் கோதுவரை நூடுல்ஸ். மறுநாள் அடுக்குப் பெட்டியில் வரிசையாக வைத்த பலகாரங்கள். இன்ன பதார்த்தத்துக்கு இன்ன அர்த்தம் என்று பாட்டி சொல்லிக் கொடுப்பார். கிறிஸ்துமசைப் பற்றிப் பாட்டியைக் கேட்டால்? பாவம், அவருக்கே தெரியாது.

சரி, வெள்ளைக்காரரைப் பார்த்து வான்கோழி வாங்கலாம் என்றால், அது அங்கே சுலபத்தில் கிடைக்காது. கிடைத்தாலும் எங்கே சுடுவது? ஜப்பானிய வீட்டுச் சமையல் அறை சின்னது. காஸ் அடுப்புக்கு அடியில் மீன் சுடுவதற்கு ஒரு இழுப்பறை இருக்கும். அவ்வளவுதான். வான்கோழியின் கால்கூட அதற்குள் நுழையாது!

அந்தக் காலி இடத்தில்தான் கோழி வந்து உட்கார்ந்தது.

"இது சலூன் கடையா?"

1970-ம் வருடம் ஒசாகா நகரில் உலகக் கண்காட்சி நடந்தது. கென்டக்கி கோழியை ஜப்பானியர் முதன்முதலில் ருசி பார்த்தது அங்கேதான். அதே வருடம் ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனத்தோடு கூட்டு சேர்ந்து கம்பெனி தொடங்கினார்கள். நவம்பரில் நகோயா நகரில் முதல் கடை திறந்தது.

கடைக்கு மேனேஜராக வந்தவர் டகேஷி ஒகாவரா. அதற்கு முன்பு ஒரு அச்சுக் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்தவர்.

கடை திறந்தது. ஆள் வரவில்லை.

சிவப்பும் வெள்ளையும் பட்டை போட்ட கூரை. மேலே இங்கிலீஷில் போர்டு. உள்ளே என்ன விற்கிறார்கள் என்று தெருவில் போகிறவர்களுக்குப் புரியவில்லை. "இது சலூன் கடையா? சாக்லேட் விற்கிறீர்களா?" என்று கேட்டு வந்தவர்கள் உண்டாம். கையில் காசு இல்லாமல், ராத்திரியில் கடைக்குள்ளேயே மாவு மூட்டைகளின் மேல் படுத்துத் தூங்கியதாக ஒகாவரா பிற்காலத்தில் சொல்லி இருக்கிறார். புதுசாகக் கடை வைத்தவர்களுக்கு இந்த மூட்டைத் தூக்கம் புரியும்.

அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்து கேட்டு வந்தார்கள். கிறிஸ்துமஸ் விழாவுக்குக் கோழி வேண்டும், சாண்டா கிளாஸ் வேஷமும் போட்டு வர முடியுமா என்று. முடியாது என்று சொல்கிற நிலையிலா அவர் இருந்தார்? வேஷத்தைப் போட்டார். வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆடினார், பாடினார். குழந்தைகளுக்கு ஒரே குஷி. செய்தி பரவி இன்னொரு பள்ளியும் கூப்பிட்டது.

ஒகாவராவுக்குப் பொறி தட்டியது. கடை வாசலில் நின்ற கிழவர் சிலைக்கும் சாண்டா உடுப்பை மாட்டிவிட்டார்.

டி.வி.யில் சொன்ன பொய்

விஷயம் ஜப்பானின் தேசிய ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் காதுக்குப் போயிற்று. ஒகாவராவிடம் பேட்டி எடுத்தார்கள்.

மேல்நாடுகளில் கிறிஸ்துமசுக்குக் கோழி வறுவல் சாப்பிடுவது வழக்கமா என்று கேட்டார்கள்.

அங்கே சாப்பிடுவது வான்கோழி என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் "ஆமாம்" என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். வியாபாரம் சூடு பிடித்தது.

இதை வேறு யாரும் துப்புத் துலக்கிக் கண்டுபிடிக்கவில்லை. பல வருடம் கழித்து, 2018-ல், ஓய்வு பெற்ற ஒகாவராவே ஒரு ஒலிப் பேட்டியில் வாயைத் திறந்து சொன்னார். அது பொய்தான், அதற்காக இன்னும் வருத்தப்படுகிறேன் என்பது அவர் பேச்சின் சாரம். ஜனங்களுக்கு அது பிடித்துப் போயிற்று, மேல்நாட்டுச் சமாசாரம் என்றால் அவர்களுக்கு ஒரு ஆசை என்றும் சேர்த்துக்கொண்டார். வருத்தம் பாதி, சமாதானம் பாதி!

கம்பெனி சொல்லும் கதை வேறு. டோக்கியோவில் அவோயாமா பகுதிக் கடைக்கு ஒரு வெளிநாட்டுக்காரர் வந்தாராம். வான்கோழி கிடைக்கவில்லை, கோழியை வைத்தாவது கிறிஸ்துமசைக் கொண்டாடுகிறேன் என்றாராம். அதைக் கேட்ட கடை ஊழியர் மேலே சொல்ல, அதில் இருந்து யோசனை பிறந்ததாம்.

எது நிஜமோ, இரண்டு கதையிலும் ஒரே ஆள்தான் காணாமல் போயிருக்கிறார். வான்கோழி!

2,920 யென்

1974-ல் நாடு முழுக்க விளம்பரம் போட்டார்கள். "கிறிஸ்துமசுக்கு கென்டக்கி" என்பதுதான் கோஷம். ஜப்பானிய மொழியிலும் சின்ன வாசகம்தான். குழந்தைகூடச் சொல்லும்.

கோழியும் ஒயினும் சேர்ந்த விருந்துப் பொட்டலம் 2,920 யென். அன்றைய கணக்கில் சுமார் 10 டாலர். மலிவு என்று சொல்ல முடியாது. மலிவாக இருந்திருந்தால் இவ்வளவு தூரம் எடுபட்டிருக்குமா என்பதும் சந்தேகம். வருடத்துக்கு ஒரு நாள் விருந்து என்றால், கொஞ்சம் கை கடித்தால்தான் விருந்து மாதிரி இருக்கிறது.

வியாபாரிகள் ஒன்றைக் கவனிக்கலாம். அவர்கள் ருசியை மட்டும் விற்கவில்லை. இன்றைக்கு என்ன சாப்பிடுவது என்ற கேள்விக்குப் பதிலை விற்றார்கள். ஏற்கனவே பதில் இருந்த புத்தாண்டுப் பக்கம் போகவே இல்லை. அங்கே போயிருந்தால் பாட்டிமார்கள் விரட்டி அடித்திருப்பார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. 24-ந் தேதி வேலை நாள். இருட்டிய பிறகு வீட்டுக்கு வரும் அம்மாவோ அப்பாவோ எதையும் சமைக்க வேண்டாம். ரெயிலை விட்டு இறங்கி, ரசீதைக் காட்டி, வாளியை வாங்கி, அடுத்த பஸ்சைப் பிடித்தால் சரி. நடுவில் வாளியை வைத்தால் எல்லோரும் கையை விட்டு எடுக்கலாம். வான்கோழியை அறுக்க ஒருவர் கத்தியோடு எழுந்து நிற்க வேண்டிய அவசியம் இல்லை.

மாவு மூட்டையில் படுத்த ஒகாவரா 1984-ல் கம்பெனியின் தலைவர் ஆனார். 2002 வரை அந்த நாற்காலியில் இருந்தார். 2024-ல் மிட்சுபிஷி தன் பங்கை விற்க, கார்லைல் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்தின் கைக்குக் கம்பெனி மாறியது. முதலாளி மாறினாலும் டிசம்பர் கியூ மாறவில்லை.

ஆற்றில் விழுந்த கிழவர்

வாசலில் நிற்கும் அந்தக் கிழவர் கற்பனை ஆள் அல்ல. ஹார்லண்ட் சாண்டர்ஸ் என்பது பெயர். 1890-ல் பிறந்து 1980-ல் இறந்தார். வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தாடி, கொஞ்சம் தொப்பை. சாண்டா வேஷத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி ஆள். இந்தப் பொருத்தம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம்.

சிலை பட்ட பாடு தனிக்கதை. 1985 அக்டோபரில் ஹான்ஷின் டைகர்ஸ் என்ற பேஸ்பால் அணி ஜெயித்த குஷியில், ரசிகர்கள் ஒசாகாவில் ஒரு கடைச் சிலையைத் தூக்கிக் கால்வாயில் போட்டுவிட்டார்கள். அந்த வருடம் அணி சாம்பியன் ஆனது. அதற்குப் பிறகு வரிசையாகத் தோல்வி. கிழவர் சாபம் என்று ஊரே பேசியது. 2009-ல் சேற்றில் இருந்து சிலையை எடுத்தார்கள். அப்படியும் 2023-ல்தான் மறுபடி கோப்பை கிடைத்தது.

கேக்குக்கும் ஒரு கதை

கோழிக்குப் பிறகு கேக். நம்ம ஊர் பிளம் கேக் இல்லை. வெள்ளை கிரீம் பூசி, மேலே சிவப்பு ஸ்ட்ராபெர்ரி வைத்த மெத்தென்ற கேக். பூஜியா என்ற இனிப்புக் கம்பெனி 1922-லேயே கிறிஸ்துமஸ் கேக் விற்றது. ஆக, கோழிக்கும் முன்பே வந்து இடம் பிடித்தது கேக்தான்.

ஸ்ட்ராபெர்ரி இயற்கையில் டிசம்பர் பழம் அல்ல. குளிர் போன பிறகு காய்ப்பது. கேக்குக்காகக் கேட்டு விலை ஏறவே, விவசாயிகள் கூடாரம் போட்டு, சூடு ஏற்றி, டிசம்பரிலேயே பழுக்க வைத்தார்கள். ஒரு கேக்குக்காகப் பழத்தின் சீசனே மாறிவிட்டது!

இந்தக் கேக்கை வைத்து ஒரு கெட்ட கேலியும் இருந்தது. 1980-களில், 25 வயது தாண்டியும் கல்யாணம் ஆகாத பெண்ணை "கிறிஸ்துமஸ் கேக்" என்பார்கள். 25-ந் தேதிக்குப் பிறகு அதை யார் வாங்குவார் என்ற அர்த்தத்தில். ஆபீஸ் போகும் பெண்கள் இதைக் கேட்டுப் பல்லைக் கடித்தார்கள். இப்போது அங்கே பெண்களின் சராசரிக் கல்யாண வயதே 29-ஐத் தாண்டிவிட்டது. கேலிக்காரர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஜப்பான்காரர் மட்டுமா?

மற்ற ஊர்களும் சளைத்தவை அல்ல.

நியூயார்க்கில் யூதர்கள் டிசம்பர் 25 அன்று சீன ஓட்டலுக்குப் போவார்கள். அது அவர்கள் பண்டிகை அல்ல. ஆனால் ஊரில் மற்ற கடைகள் பூட்டி இருக்கும், சீனர் கடை திறந்திருக்கும். மாமிசத்தோடு பால் சேர்ப்பது யூதர் வழக்கத்தில் கூடாது. சீனச் சமையலில் பாலே கிடையாது. வசதியாகப் போயிற்று. 2010-ல் எலினா ககன் என்ற அம்மையாரை சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியாக நியமிக்கும்முன் செனட் சபைக் குழு விசாரித்தது. கிறிஸ்துமஸ் அன்று எங்கே இருந்தீர்கள் என்று ஒரு உறுப்பினர் கேட்டார். எல்லா யூதரையும்போல சீன ஓட்டலில்தான் இருந்திருப்பேன் என்றார் அம்மையார். சபையே சிரித்தது. பதவியும் கிடைத்தது.

ஆஸ்திரேலியாவில் டிசம்பர் என்றால் கொளுத்தும் வெயில். அடுப்படியில் நிற்க யாரால் முடியும்? குளிரவைத்த இறாலைத் தட்டில் குவித்துவிடுவார்கள். அதற்காகவே சிட்னி மீன் மார்க்கெட் பண்டிகைக்கு முன் 36 மணி நேரம் விடாமல் திறந்திருப்பது வழக்கம்.

ஏன், வான்கோழி மட்டும் பரம்பரைச் சொத்தா? அது மெக்சிகோ பறவை. சுமார் 500 வருடத்துக்கு முன்புதான் கப்பல் ஏறி ஐரோப்பாவுக்கு வந்தது. இங்கிலாந்தில் ஏழைபாழைகளுக்கு வெகுகாலம் வாத்துதான் கிறிஸ்துமஸ் விருந்து. அதற்கே வாராவாரம் சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்தார்கள்.

யாருடைய பழக்கம்?

ஒரு கம்பெனி விளம்பரத்துக்கு ஒரு தேசமே மயங்கிவிட்டதே என்று சிரிப்பவர்கள் ஜப்பானிலும் இருக்கிறார்கள். வாளி விலையைப் பார்த்து முகம் சுளிப்பவர்களும் உண்டு. சூப்பர் மார்க்கெட்டில் மலிவாக ஒரு கோழிக்கால் வாங்கிப் போகிறவர்கள், வீட்டிலேயே பொரிப்பவர்கள், சுஷி வாங்குகிறவர்கள் என்று பல ரகம். 24 மணி நேரக் கடைகளும் போட்டிக்குக் கோழி வறுக்கின்றன. அட்சய திருதியைக்கு நகைக்கடை வாசலில் இடிபடுகிற நாம் ரொம்பவும் சிரிக்க வேண்டாம்!

1974-ல் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கியூவில் நின்ற பிள்ளைக்கு இன்று 55, 60 வயது. பேரன் பேத்திக்கு வாளி வாங்குகிற வயது. அந்தப் பேரனிடம் போய், இது மேல்நாட்டுப் பழக்கம் அல்ல, கடைக்காரர் சொன்ன பொய் என்றால் என்ன சொல்வான்? எங்கள் தாத்தா வீட்டுப் பழக்கம் என்பான். அவன் சொல்வதில் பொய் கிடையாது.

விருந்து ஒரே ராத்திரிதான். 26-ந் தேதி காலையில் மரத்தையும் விளக்கையும் கடைக்காரர்கள் கழற்றிவிடுவார்கள். புத்தாண்டுக்கு மூங்கிலும் பைன் கிளையும் வாசலுக்கு வந்துவிடும். மிஞ்சிய கேக்கைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். கென்டக்கி வாசலில் கிழவரும் சிவப்பு உடுப்பைக் கழற்றிவிட்டு, பழையபடி வெள்ளைக் கோட்டோடு நிற்பார்.